பிசினஸ் டிக்கெட் எடுத்தோம், நடு சீட்டில் போனோம்: எவ்வளவு கேட்கலாம்?

மாடவீதிக்காரன் · ஜனவரி 9, இரவு 10.42

கோபம் கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். ஆறுகிற வழியாக இல்லை.

அப்பாவுக்கு 76 வயது. போன ஜூலையில் வலது முட்டிக்கு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. டெல்லியில் தங்கை குழந்தைக்கு ஆயுஷ்ஹோமம். மூன்று மணி நேரம் முட்டியை மடக்கி உட்கார அவரால் முடியாது என்பதால், எங்கள் வீட்டில் முதல் தடவையாக அவருக்கும் அம்மாவுக்கும் பிசினஸ் கிளாஸ் போட்டேன். வரியெல்லாம் சேர்த்துத் தலைக்கு 31,500 ரூபாய். சென்னையிலிருந்து புதன்கிழமை விடிகாலை 5.50 விமானம்.

செவ்வாய் ராத்திரி 1.10-க்கு எஸ்.எம்.எஸ். வந்தது. செயல்பாட்டுக் காரணங்களால் விமானம் ரத்து, மதியம் 2.35 விமானத்தில் மாற்று ஏற்பாடு. அம்மா அதற்குள் எழுந்து புளியோதரை கிளறிக்கொண்டிருந்தார். சரி, நடக்கிறதுதானே என்று மதியம் கொண்டுபோய் விட்டேன். கவுன்ட்டரில் 2 ஏ, 2 சி என்று போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். நானும் நிம்மதியாகத் திரும்பி, கத்திப்பாரா தாண்டியிருப்பேன், அப்பாவிடமிருந்து போன்.

கேட்டில் அவர்களுடைய பாஸை வைத்ததும் மெஷின் சிவப்பு காட்டியிருக்கிறது. அங்கிருந்த பெண் வேறு இரண்டு பாஸ் அடித்துக் கொடுத்தார்: 27 இ, 31 பி. இரண்டும் நடு சீட், இரண்டும் வேறு வேறு வரிசை. "விமானம் மாறிவிட்டது, இதில் பிசினஸ் கிளாஸே கிடையாது" என்று விளக்கம். பக்கத்து சீட்டுப் பையன் நல்லவன், நடைவழி சீட்டை அப்பாவுக்கு விட்டுக்கொடுத்தான். காலை நீட்டிவைப்பார், தள்ளுவண்டி வரும்போது மடக்குவார், மறுபடி நீட்டுவார். டெல்லியில் இறங்கும்போது முட்டி வீங்கி, சக்கர நாற்காலியில்தான் வெளியே வந்தார்.

நிறுவனம் இப்போது தலைக்கு 3,000 ரூபாய் வவுச்சர் தருகிறதாம். ஆறு மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டுமாம். பதில் கடிதத்தில் இரண்டு விஷயம் சொல்கிறார்கள். காலை விமானம் டெல்லி மூடுபனியால் ரத்து. விமானத்தில் ஏறியதால் மாற்று ஏற்பாட்டை நீங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். இது சரியா? சட்டப்படி என்ன வரவேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர் பிரியன் · ஜனவரி 9, இரவு 11.05

வவுச்சரை வாங்கிக்கொண்டு ஆளை விடுங்கள் சார். கஸ்டமர் கேரில் ஆறு தடவை ஒரே கதையைச் சொல்வதற்குள் உங்கள் முட்டியும் வீங்கிவிடும்.

கருப்பு கோட் · ஜனவரி 10, காலை 6.50

வவுச்சரை வாங்காதீர்கள். அந்த மின்னஞ்சலில் ஏற்றுக்கொள்கிறேன் என்று பட்டன் ஏதும் இருந்தால் அப்பா, அம்மா யாரும் அதைத் தொட வேண்டாம்.

விதி எங்கே இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். புகாரில் இதை எண்ணோடு எழுதினால்தான் எதிர்முனையில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். விமான நிறுவனங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. வெளியிடும் விதித்தொகுப்பு, சிவில் ஏவியேஷன் ரிக்வயர்மென்ட்ஸ், சுருக்கமாக சி.ஏ.ஆர். அதில் செக்‌ஷன் 3, சீரிஸ் எம், பார்ட் 4. 2010-ல் வந்தது, இடையில் சில தடவை திருத்தப்பட்டது. வகுப்பு இறக்கத்துக்கான பகுதி 2023 பிப்ரவரி 15 முதல் அமலில் இருக்கிறது.

அதன்படி, பயணியின் விருப்பமில்லாமல் கீழ் வகுப்பில் ஏற்றினால், உள்நாட்டுப் பயணத்தில் டிக்கெட் விலையில் 75 சதவீதத்தைத் திருப்பித் தர வேண்டும். வரியும் அந்த விலையில் சேர்த்தி. சென்னையிலிருந்து மதுரைக்குப் போனாலும் டெல்லிக்குப் போனாலும் அதே 75 தான். வெளிநாடு என்றால் தூரக் கணக்கு: 1,500 கிலோமீட்டர் வரை 30 சதவீதம், அதற்கு மேல் 3,500 வரை 50, அதையும் தாண்டினால் 75.

உங்கள் கணக்கு எளிது. 31,500-ல் முக்கால் பங்கு 23,625. இருவருக்கும் 47,250.

ஒரு சின்ன வரலாறு. 2022 டிசம்பரில் வந்த யோசனை இதைவிடப் பெரியது. முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்து, இருக்கிற வகுப்பில் இலவசமாகவே ஏற்றிச் செல்ல வேண்டும் என்றார்கள். இறுதி விதியில் அது 75 ஆகிவிட்டது. விதியையே டவுன்கிரேட் செய்துவிட்டார்கள்.

ரத்துக்கு வருவோம். புறப்பட 24 மணி நேரத்துக்கு முன்பாகவாவது பயணிக்குத் தகவல் சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்குச் சொன்னது 4 மணி 40 நிமிடத்துக்கு முன்னால். அப்படிச் சொல்லத் தவறினால் இழப்பீடு உண்டு. பயண நேரம் ஒரு மணி வரை என்றால் 5,000, இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. இல்லையென்றால் ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது. இந்தக் கடைசி வரியைப் பலர் பார்ப்பதில்லை. 2,800 ரூபாய் அடிப்படைக் கட்டணத்தில் கோயம்புத்தூர் போகிறவர் 7,500 எதிர்பார்த்து ஏமாந்து போவார். உங்களுடையது பிசினஸ் கட்டணம், டெல்லி இரண்டு மணிக்கு மேல், ஆகையால் தலைக்கு 10,000 வரும்.

ஆனால் உண்மையிலேயே மூடுபனிதான் காரணம் என்றால் இந்த 20,000 கிடைக்காது. வானிலை, வெள்ளம், வேலைநிறுத்தம், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சிக்கல், பாதுகாப்பு ஆபத்து போன்று நிறுவனத்தின் கையை மீறிய காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. சண்டை அங்கேதான் வரும்.

கவுன்ட்டர் 12 · ஜனவரி 10, காலை 9.15

மீனம்பாக்கம் விமான நிலைய கவுன்ட்டரில் பதினோரு வருடம் நின்ற கால் என்னுடையது. இப்போது அந்த வேலையில் இல்லை, அதனால் கொஞ்சம் தாராளமாகப் பேசலாம்.

"செயல்பாட்டுக் காரணம்" என்பது ஒரு பெரிய கோணிப்பை. விமானிக்கு ஓய்வு நேரம் போதவில்லை, விமானத்தில் கோளாறு, பயணிகள் குறைவு என்று இரண்டு விமானத்தை ஒன்றாக்கியது, எல்லாவற்றையும் அதற்குள் போடலாம். ஒரே சம்பவத்துக்கு எஸ்.எம்.எஸ்ஸில் செயல்பாட்டுக் காரணம், புகார் வந்தபின் கடிதத்தில் மூடுபனி என்று எழுதியிருக்கிறார்கள் பாருங்கள். அந்த இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே ஒவ்வொரு தாமதத்துக்கும் எண் போட்டு வைப்பார்கள். எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான பட்டியல் அது. 41 என்றால் விமானத்தில் கோளாறு. 60-களில் வருவது விமானிகள், பணிக்குழு தொடர்பானது. 71 புறப்படும் ஊர் வானிலை, 72 போய்ச் சேரும் ஊர் வானிலை. 93 என்றால் அதே விமானம் முந்தைய பயணத்திலிருந்து தாமதமாக வந்தது. ரத்துக்கும் காரணத்தைப் பதிந்துதான் வைத்திருப்பார்கள். புகாரில் ஒரே ஒரு வரி சேருங்கள்: "இந்த விமானம் ரத்தானதற்கு உங்கள் பதிவேட்டில் எந்தக் காரணம் பதிவாகியிருக்கிறது என்று எழுத்தில் தெரிவிக்கவும்." பதில் பெரும்பாலும் வராது. வராததும் ஒரு சாட்சிதான், வக்கீல் சார் சொல்வார்.

இன்னொன்று. விடிகாலை 5.50 விமானம் என்றால் அது பெரும்பாலும் முந்தின ராத்திரியே சென்னைக்கு வந்து நிற்கும். அந்தப் புதன்கிழமை காலை மற்ற நிறுவனங்களின் டெல்லி விமானங்கள் கிளம்பினவா என்று உடனே பாருங்கள். விமானங்களைத் தொடர்ந்து காட்டும் செயலிகளில் காசு கட்டாதவர்களுக்குக் கொஞ்ச நாள் வரலாறுதான் காட்டும். இன்றைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் அந்த முதல் போர்டிங் பாஸ், 2 ஏ, 2 சி. கேட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்களா?

மாடவீதிக்காரன் · ஜனவரி 10, காலை 9.40

ஒன்றை வாங்கிவிட்டார்கள். அம்மாவுடையது அவர் கைப்பையில், கபாலி கோயில் விபூதிப் பொட்டலத்தோடு இருக்கிறது! இப்போதுதான் போனில் கேட்டேன், தங்கை போட்டோ எடுத்து அனுப்பிவிட்டாள். 2 சி என்று தெளிவாக இருக்கிறது, மேலே கொஞ்சம் விபூதி.

செயலியையும் பார்த்துவிட்டேன். அன்று காலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் நடுவில் சென்னையிலிருந்து டெல்லிக்கு வேறு இரண்டு நிறுவன விமானங்கள் போயிருக்கின்றன. ஒன்று 20 நிமிடம், மற்றது 50 நிமிடம் தாமதம். இரண்டும் டெல்லியில் இறங்கியிருக்கின்றன.

பெரம்பூர் பிரியன் · ஜனவரி 10, காலை 10.20

எனக்கு ஒரு நியாயம் புரியவில்லை. டிக்கெட் 63,000. நீங்கள் கேட்கப்போவது 47,250 கூட்டல் 20,000, ஆக 67,250. டெல்லிக்கும் கொண்டுபோய் விட்டார்கள், டிக்கெட் காசுக்கு மேல் பணமும் தர வேண்டுமா? ஓசியில் போய்வந்து கையில் 4,250 லாபம். கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது.

கருப்பு கோட் · ஜனவரி 10, பகல் 12.30

பிரியன் சார், கல்யாண மண்டபத்தைக் கடைசி நேரத்தில் மாற்றினார்கள், மாற்றிய மண்டபத்திலும் விருந்துக்குப் பதில் பொட்டலம் கொடுத்தார்கள் என்று வையுங்கள். இரண்டும் ஒரே தப்பு ஆகுமா? ரத்துக்கான இழப்பீடு, நேரத்தில் சொல்லாததற்கு. 75 சதவீதம், விற்ற பொருளைக் கொடுக்காததற்கு. இரண்டும் ஒரே நாளில் நடந்தது இவர் தப்பில்லை.

ஆனால் உங்கள் கேள்விக்குப் பின்னால் ஒரு நிஜமான சட்டச் சிக்கல் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. நாடாளுமன்றப் பதில்களிலும் அரசுக் குறிப்புகளிலும் இந்த விதியைச் சுருக்கமாகச் சொல்லும்போது, "மாற்று விமானம் தர வேண்டும், அல்லது முழு ரீஃபண்டோடு இழப்பீடும் தர வேண்டும்" என்ற பாணியில் சொல்கிறார்கள். நிறுவனங்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் மாற்று விமானத்தில் போய்விட்டீர்கள், ஆகவே இழப்பீடு இல்லை என்று வாதாடும். நான் சி.ஏ.ஆர். மூலத்தைப் படிக்கிற விதம் வேறு. மாற்று விமானம் அல்லது ரீஃபண்ட் என்பது பயணியின் தேர்வு. உரிய நேரத்தில் தகவல் சொல்லாதவர்களுக்கு இழப்பீடு அதற்கும் மேற்கொண்டு. என் கட்சிக்காரராக இருந்தால் இரண்டையும் கேட்பேன். 47,250 மறுக்க முடியாத தொகை, 20,000 வாதாடிப் பெற வேண்டிய தொகை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு எழுதுங்கள், அவ்வளவுதான்.

"ஏறியதால் ஏற்றுக்கொண்டீர்கள்" என்பதை அதிகம் பொருட்படுத்த வேண்டாம். வேறு வழியில்லாமல் ஏறுவது விருப்பம் ஆகாது. 76 வயதுக்காரர் கேட்டில் நின்று தர்க்கம் செய்துகொண்டிருந்தால் ஆயுஷ்ஹோமத்துக்கு யார் போவது?

கவுன்ட்டர் 12 · ஜனவரி 10, பகல் 1.10

பிரியன் சார் லாபம் என்றதால் எதிர்ப்பக்கக் கணக்கையும் சொல்கிறேன். டவுன்கிரேட் ஆனவருக்கு நிறுவனம் முதலில் தரப் பார்ப்பது கட்டண வித்தியாசம். பிசினஸ் விலையில் எகானமி விலையைக் கழிப்பார்கள். எந்த எகானமி விலை? நீங்கள் டிக்கெட் எடுத்த நாளின் விலை இல்லை, அன்றைக்கு அந்த நிமிடம் விற்கிற கடைசி சீட்டின் விலை! பொங்கல் நெருக்கத்தில் சென்னை டெல்லி எகானமி 19,000, 20,000 என்று நிற்கும். அப்போது வித்தியாசம் 11,000 சொச்சம்தான் வரும். "சார், உங்களுக்கு 11,500 ரீஃபண்ட்" என்று இனிமையாகச் சொன்னால் பாதிப் பேர் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். 2023-க்கு அப்புறம் அந்தக் கழித்தல் கணக்கே செல்லாது. டிக்கெட் விலையில் 75, தீர்ந்தது.

மைல்ஸ் மன்னன் · ஜனவரி 10, மாலை 4.45

பாயின்ட் கொடுத்து எடுத்த டிக்கெட்டுக்கு இந்த 75 எதன் மேல்? எனக்கு ஒரு தடவை இப்படி ஆனபோது, கட்டிய வரியில் 75 சதவீதம் தருகிறோம் என்றார்கள். 900 ரூபாயோ என்னவோ வந்தது. சண்டை போட்டு இரண்டு வகுப்புக்கும் இடையிலான பாயின்ட் வித்தியாசத்தைத் திரும்ப வாங்கினேன். அதிலேயே சந்தோஷப்பட்டுக்கொண்டேன். ஏலம் கேட்டு அப்கிரேட் வாங்கியவர்களுக்கும் இதே குழப்பம்தான். கட்டிய ஏலப் பணமாவது முழுசாகத் திரும்ப வர வேண்டும் என்பது என் கட்சி.

வேளச்சேரி அம்மா · ஜனவரி 11, காலை 7.20

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் கதையும் இதே மாதிரிதான். மகள் ஜெர்மனியில் இருக்கிறாள். போன செப்டம்பரில் சென்னையிலிருந்து ஃப்ராங்ஃபர்ட்டுக்கு ஓர் ஐரோப்பிய நிறுவனத்தில், போகவர பிரீமியம் எகானமி, 1,16,000 ரூபாய். போகும்போது சாதா எகானமியில் உட்கார வைத்தார்கள். 60 யூரோ வவுச்சர் வந்தது, வாங்கவில்லை, சும்மா கிடக்கிறது. பிரீமியம் எகானமிக்கும் இந்த விதியெல்லாம் உண்டா? மகள் "ஐரோப்பிய சட்டம் இருக்கும்மா" என்கிறாள். இந்தியாவிலிருந்து கிளம்பிய விமானத்துக்கு அந்த ஊர் சட்டம் எப்படி வரும் என்று எனக்குச் சந்தேகம்.

கருப்பு கோட் · ஜனவரி 11, காலை 8.30

அம்மா, மகள் சொல்வது சரி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 என்கிற விதி இரண்டு வகைப் பயணத்துக்குச் செல்லும். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எந்த விமானமானாலும் சரி. வெளியிலிருந்து ஒன்றியத்துக்குள் வரும் விமானம் என்றால், ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் மட்டும். நீங்கள் போனது இரண்டாவது வகை. இதே சென்னை ஃப்ராங்ஃபர்ட்டை ஒரு வளைகுடா நிறுவனத்தில் துபாய் வழியாகப் போயிருந்தால் போகும்போது அந்தச் சட்டம் கிடையாது, அதே டிக்கெட்டில் திரும்பி வரும்போது உண்டு. விசித்திரம்தான், ஆனால் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

அந்த விதியின் 10-வது பிரிவு வகுப்பு இறக்கம் பற்றியது. அங்கேயும் 30, 50, 75 தான். நம் டி.ஜி.சி.ஏ.வின் வெளிநாட்டுக் கணக்குக்கும் அதற்கும் உள்ள ஒற்றுமை பார்த்தாலே தெரியும். சென்னை ஃப்ராங்ஃபர்ட் 3,500 கிலோமீட்டரை எப்போதோ தாண்டிவிடும், ஆகவே 75. ஏழு நாளுக்குள் தர வேண்டும் என்றும் இருக்கிறது. பிரீமியம் எகானமி என்று தனி வகுப்பாக விற்றார்கள் அல்லவா, சாதா எகானமி அதற்குக் கீழ் வகுப்புதான்.

ஆனால் 1,16,000-க்கு 75 என்று போட்டுக்கொண்டு கனவு காண வேண்டாம். 2016-ல் ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. எந்தப் பயணத் துண்டில் வகுப்பு இறங்கியதோ, அந்தத் துண்டின் விலைக்கு மட்டும்தான் சதவீதம். வகுப்பைப் பொறுத்து மாறாத வரிகளையும் கழித்துவிட வேண்டும். போகவர விலையில் போகும் பங்கு ஏறக்குறைய பாதி, 58,000. வரி கழித்து 50,000 என்று வையுங்கள், 75 சதவீதம் 37,500. 60 யூரோ எங்கே, இது எங்கே.

தாம்பரம் தம்பி · ஜனவரி 11, காலை 9.00

எனக்கு விமானமே ரத்தாகி, அதே ஐரோப்பிய சட்டத்தில் 600 யூரோ வந்தது. அந்த மாதம் முழுக்க வாழைத்தண்டு வாங்கினால்கூட பணத்தை யூரோவில் மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வக்கீல் சார், ஒரு சந்தேகம். போகி அன்றைக்கு ஊரே புகை மண்டி விமானம் போகவில்லை என்றால் அது வானிலையா, நாமே செய்துகொண்டதா?

கருப்பு கோட் · ஜனவரி 11, காலை 9.25

2018 போகியில் அப்படித்தான் ஆனது. பனியும் புகையும் சேர்ந்து ஓடுபாதை தெரியாமல் பல விமானங்கள் தாமதமாகின, சில ரத்தாயின, சிலவற்றை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார்கள். பழைய டயரைக் கொளுத்தியது நாம், விமான நிறுவனம் இல்லை. கேட்காதீர்கள்.

பள்ளிக்கரணை · ஜனவரி 11, பகல் 11.50

வானிலை என்றால் ஒன்றுமே கிடையாது என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். ஓடுபாதையில் தண்ணீர், விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். மறுநாள்தான் திறந்தது. எனக்கு அன்று மும்பை விமானம். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், விமானம் போயிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன் என்பது தனி விஷயம்.

இழப்பீடு கிடையாது, நியாயம்தான், நானும் கேட்கவில்லை. ஆனால் டிக்கெட் பணத்தை ரீஃபண்ட் தராமல், "உங்கள் கணக்கில் வரவு வைத்துவிட்டோம், ஒரு வருடத்துக்குள் வேறு டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். வரவு வைப்பது பயணி விரும்பினால்தான், நிறுவனம் தானாகச் செய்யக் கூடாது என்று ரீஃபண்ட் விதியிலேயே இருக்கிறது. அதே சீரிஸ் எம், பார்ட் 2. அந்த வரியை அப்படியே எடுத்துப் போட்டு எழுதினேன். ஒன்பது நாளில் கார்டுக்குப் பணம் வந்தது. காரணம் புயலோ வெள்ளமோ, டிக்கெட் காசு உங்கள் காசு.

மாடவீதிக்காரன் · ஜனவரி 11, மாலை 6.15

எல்லாருக்கும் நன்றி. யாருக்கு எழுதுவது என்று சொல்லுங்கள். கஸ்டமர் கேர் பெண் எல்லாவற்றுக்கும் "உங்கள் உணர்வு எங்களுக்குப் புரிகிறது" என்கிறார். புரிந்து என்ன செய்வது?

கவுன்ட்டர் 12 · ஜனவரி 11, மாலை 6.40

அந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள், அவரால் 500 ரூபாய்கூடக் கொடுக்க முடியாது. நிறுவனத்தின் இணையதளத்தில் கீழே, பொடி எழுத்தில், நோடல் ஆபீசர் என்று புகார்களுக்கான அதிகாரி ஒருவர் இருப்பார். அவருக்கு மேல் அப்பலேட் அதாரிட்டி, அதாவது மேல்முறையீட்டு அதிகாரி. நேராக நோடல் ஆபீசருக்கு. கதை வேண்டாம், முட்டி பற்றி ஒரு வரி போதும். பி.என்.ஆர்., விமான எண், தேதி, எஸ்.எம்.எஸ். வந்த நேரம், இரண்டு போர்டிங் பாஸ், விதி எண், தொகை, வங்கிக் கணக்கு. அதோடு "15 நாளில் பதில் வராவிட்டால்" என்று ஒரு வாக்கியம்.

பிறகு ஏர்சேவா. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் புகார்த் தளம், 2016-லிருந்து இருக்கிறது. அதில் பதிந்த புகாரை நிறுவனம் அப்படியே தூங்கவிடாது, ஏதாவது பதில் போட்டாக வேண்டும்.

டிக்கெட்டை நேரடியாக எடுத்தீர்களா, இல்லை வேறு தளத்திலா?

மாடவீதிக்காரன் · ஜனவரி 11, மாலை 6.52

வேறு தளத்தில். கார்டுக்கு 1,200 தள்ளுபடி என்று ஆசை காட்டினான்.

கவுன்ட்டர் 12 · ஜனவரி 11, மாலை 7.05

அப்படியானால் பணம் அந்தத் தளத்தின் வாலட்டில் போய் உட்காரும், பாருங்கள். உங்கள் நல்ல காலம், எஸ்.எம்.எஸ். உங்கள் எண்ணுக்கே வந்தது. சில ஏஜென்ட்கள் டிக்கெட்டில் தங்கள் எண்ணைப் போட்டுவிடுவார்கள். ரத்துத் தகவல் ஏஜென்ட் போனுக்குப் போகும், நீங்கள் இட்லிப் பொட்டலத்தோடு டெர்மினல் வாசலில் நிற்பீர்கள். பயணி சரியான தொடர்பு எண் தரவில்லை என்றால் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று விதியிலேயே ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள்.

மாடவீதிக்காரன் · ஜனவரி 24, இரவு 9.30

நிலவரம். நோடல் ஆபீசரிடமிருந்து பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. "நல்லெண்ண அடிப்படையில்" 47,250 ரூபாய் அனுமதிக்கப்பட்டிருக்கிறதாம். விதிப்படி தர வேண்டியதை நல்லெண்ணம் என்கிறார்கள், போகட்டும். ரத்துக்கான 20,000 கிடையாது, மூடுபனி. நான் கேட்ட பதிவேட்டுக் காரணம் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை.

கவுன்ட்டர் அண்ணன் வாய் முகூர்த்தம், பணம் வாலட்டில்தான் வந்திருக்கிறது. தளத்துக்காரன், நிறுவனம் இன்னும் எங்களுக்குத் தரவில்லை, முன்பணமாகக் காட்டுகிறோம் என்கிறான். நிறுவனம், நாங்கள் அனுப்பிவிட்டோம் என்கிறது.

கருப்பு கோட் · ஜனவரி 24, இரவு 10.10

ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட்டானாலும் ரீஃபண்ட் பொறுப்பு விமான நிறுவனத்துடையது, ஏஜென்ட் அவர்களுடைய ஆள் என்று அதே பார்ட் 2 சொல்கிறது. இருவருக்கும் ஒரே கடிதம் போடுங்கள். நகல் ஏர்சேவாவில் ஏறட்டும்.

20,000-க்கு நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் கவலையில்லை. சென்னைக்கு வடக்கு, தெற்கு என்று மாவட்ட ஆணையங்கள் இருக்கின்றன. நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, இதைச் சொன்னதற்காக எங்கள் சங்கத்தில் என்னைத் திட்டுவார்கள். சம்பவ நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். டிக்கெட் அப்பா, அம்மா பெயரில் இருப்பதால் புகார்தாரர் அவர்கள்தான், நீங்கள் அதிகாரக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரம்பூர் பிரியன் · ஜனவரி 24, இரவு 10.30

47,250 வந்ததா! நான் 3,000-த்தை வாங்கிக்கொண்டு போகச் சொன்னேன். நல்லவேளை என் பேச்சை யாரும் கேட்பதில்லை.

ஆனால் 20,000-க்காக ஒரு வருடம் அலைவதா? எனக்குத் தெரிந்தவர் ஒருவர் பெட்டி தொலைந்த வழக்கில் பதினான்கு மாதம் நடந்தார். தீர்ப்பு அவர் பக்கம்தான், ஆனால் அதற்குள் புதுப் பெட்டியே பழசாகிவிட்டது.

வேளச்சேரி அம்மா · ஜனவரி 29, காலை 7.45

எனக்கு 412 யூரோ வந்தது. மகள்தான் எழுதினாள், 10-வது பிரிவு என்று எண் போட்டு. முதலில் 30 சதவீதம் என்றார்கள், தூரத்தைக் கேட்டதும் 75 ஆனது. வக்கீல் தம்பிக்கு ஒரு டப்பா மைசூர்பாகு பாக்கி.

மாடவீதிக்காரன் · பிப்ரவரி 8, இரவு 9.50

பணம் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது, முழு 47,250. வாலட்டிலிருந்து எடுக்கப் பதினைந்து நாள், நான்கு மின்னஞ்சல்.

20,000-க்கு நேற்று தாக்கல் செய்துவிட்டேன். எஸ்.எம்.எஸ்., கடிதம், இரண்டு விமானங்களின் ஸ்க்ரீன்ஷாட், விபூதி ஒட்டிய போர்டிங் பாஸ் எல்லாம் ஸ்கேன் செய்து ஏற்றியாயிற்று. அப்பாதான் கையெழுத்து. முதல் விசாரணைக்கு நானே வருவேன் என்று பிடிவாதமாக இருக்கிறார். ரிட்டயர்ட் தாசில்தார், ஃபைலைப் பார்த்ததும் முட்டி வலியே மறந்துவிட்டது.

அடுத்த தடவை டெல்லிக்கு விமானமே வேண்டாமாம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஃபர்ஸ்ட் ஏ.சி. போடச் சொல்லியிருக்கிறார்.

தாம்பரம் தம்பி · பிப்ரவரி 8, இரவு 10.02

அதில் ஏ.சி. ஓடாவிட்டால் போய்ச் சேர்ந்து 20 மணி நேரத்துக்குள் டி.டி.ஆர்., அதாவது ரயில்வேயிடம் ரீஃபண்ட் கேட்கும் மனு, போட வேண்டும் சார். அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடாதீர்கள், அதற்கும் ஒரு ஃபைல் திறந்துவிடுவார்.